சனிக்கிழமை இரவல்

கதவு மூடும் சத்தத்தில்தான் மடுத்தீன் விழுந்தார்.

'டப்' இல்லை. 'டமார்' இல்லை. பஞ்சு மூட்டையை மெத்தையில் வைத்ததுபோல் ஒரு சின்ன 'தும்'. திறந்தார். மூடினார். தும். மறுபடியும் திறந்தார்.

"அண்ணை, கதவு கழண்டு கையோடை வரப்போகுது," என்றான் துஷ்யந்தன். "காரை ஒருக்கா ஓடிப் பாருங்கோவன்."

"எனக்கு ஓடத் தெரியாது தம்பி."

துஷ்யந்தன் திறந்த வாயை மூடவில்லை. பாரிசின் லா சப்பலில், மெத்ரோ ரயில் பாலத்தடியில், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே, விளக்கைச் சிமிட்டவிட்டபடி அந்தக் கறுப்பு பென்ஸை இவ்வளவு நேரமாக இந்த மனிதருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான். மனிதர் எஞ்சினைப் பார்க்கவில்லை. ரயரைத் தட்டவில்லை. பின் சீட்டில் வலப்பக்கம் இருந்தார், இடப்பக்கம் இருந்தார், நடுவிலும் இருந்து பார்த்தார். பிறகு கதவு.

"அப்ப ஆருக்கு அண்ணை கார்?"

"மனிசிக்கு."

சொல்லி வாய் மூடவில்லை. மெத்ரோப் படிகளில் றெஜினா இறங்கி வந்தாள். நாற்பத்தாறு வயது. தடித்த குளிர் கோட்டுக்குள் இருந்து முகம் மட்டும் தெரிந்தது. காரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். திரும்பவும் காரைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் கார் பாக்கச் சொன்னனான். நீங்கள் கப்பல் பாத்து வைச்சிருக்கிறியள்."

"பாரமான கார் றெஜினா. பனிக்குள்ளை சறுக்காது."

"எத்தினை கிலோமீற்றர் ஓடினது?"

மடுத்தீன் தன் சப்பாத்தைப் பார்த்தார். துஷ்யந்தன் பாலத்தைப் பார்த்தான். மேலே மெத்ரோ ஒன்று தடதடத்துப் போய் முடியும்வரை இருவருக்கும் பேசாமலிருக்கச் சாட்டு இருந்தது. பிறகு இல்லை.

"மூண்டு லட்சத்து எண்பத்தேழாயிரம், அக்கா."

"மாதாவே!"

"அக்கா, சந்திரன் எவ்வளவு தூரம் தெரியுமோ? மூண்டு லட்சத்து எண்பத்துநாலாயிரம் கிலோமீற்றர். இது அங்கை போய்ச் சேர்ந்து, இப்ப திரும்பி வாற வழியிலை நிக்குது."

"திரும்பி வாறதுக்கு டீசல் காணுமோ?"

துஷ்யந்தன் சிரித்துவிட்டான். பிறகு காரியத்துக்கு வந்தான். கறுப்புக் கோட்டுப் போட்டு, விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது அவன் தொழில். வயது போன காரை அந்தத் தொழிலில் விடமாட்டார்கள். கார் நல்ல கார். ஆனால் பிறந்த திகதி பிழை.

"ஊருக்குள்ளை நிண்டு நிண்டு இழுபட்ட அறுபதாயிரத்தை விட, நேர் றோட்டிலை ஓடின இந்த மூண்டு லட்சம் மேல் அக்கா. சேர்விஸ் ஒண்டும் தவறேல்லை. என்ரை பிள்ளையளுக்குக்கூட நான் இவ்வளவு ஒழுங்கா ஊசி போட்டதில்லை."

றெஜினா கையுறையைக் கழற்றி, கண்ணாடியில் படிந்திருந்த குளிர்நீரை ஒரு விரலால் துடைத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. காரைக் கண்டு அல்ல. திங்கட்கிழமையைக் கண்டு.

பாரிசுக்கு வெளியே, மித்ரி ரயில் நிலையத்தையும் தாண்டி, பீற்றூட் வயல்களுக்கு நடுவில் ஒரு முதியோர் இல்லம். அங்கே இரண்டு வருடமாக அவள் ஆளில்லாத இடத்துக்கு ஆளாகப் போய்வந்தாள். ஒரு மாதம் கூப்பிடுவார்கள், அடுத்த மாதம் கூப்பிடமாட்டார்கள். போன கிழமை இல்லத்தின் பொறுப்பாளர் ஆலீஸ் கூப்பிட்டு, நிரந்தர வேலை தருகிறோம், ஆனால் காலை ஆறரைக்கு நிற்கவேண்டும் என்றாள். முதல் ரயிலைப் பிடித்து, இறங்கி நடந்தாலும் ஆறரைக்கு வாய்ப்பே இல்லை.

"உன்னிடம் கார் இருக்கிறதுதானே?" என்று ஆலீஸ் கேட்டாள்.

"நிச்சயமாக," என்றது றெஜினாவின் வாய்.

மூளை பிறகுதான் வந்து சேர்ந்தது. நாலாவது தடவையில் லைசென்ஸ் எடுத்தவள். எடுத்த பிறகு ஒருநாளும் ஓடாதவள். திங்கள் காலை கார் இல்லாமல் போய் நின்றால், பொய் வெளிப்படும். வேலை வரிசையில் நிற்கும் அடுத்தவளுக்குப் போகும். இந்த வேலையை அவள் சம்பளத்துக்காக மட்டும் கேட்கவில்லை. அங்கே மர்கரீத் என்றொரு கிழவி. வேறு யார் தலை வாரி இழுத்தாலும் அழுவாள். றெஜினா சீப்பை எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தன் வாலிப காலத்தின் பாட்டொன்றை முணுமுணுப்பாள்.

"சின்னக் காரா ஒண்டு பாக்கலாமே அப்பா?" என்றாள் றெஜினா புருஷனிடம். சத்தம் இறங்கியிருந்தது.

"சின்னக் காருகளின்ரை கதவு தகரப் பேணி மாதிரிச் சத்தம் போடுது," என்றார் மடுத்தீன். "நீர் ஒருக்கா உள்ளுக்கை இரும். இருந்துபோட்டு வேண்டாமெண்டு சொல்லும்."

இருந்தாள். வேண்டாமென்று சொல்லவில்லை.

விலை பேசினார்கள். பக்கத்து ரூ காய் தெருவில், மரக்கறிக் கடையில் பதினெட்டு வருடம் நின்றவர் மடுத்தீன். அவர் விலை பேசிய கதையைச் சொன்னால் பொழுது போய்விடும். முடிந்தது என்று மட்டும் சொல்லிவைப்போம். துஷ்யந்தன் காரின் பதிவு அட்டையை எடுத்து பொனெற்றின் மேல் வைத்தான். விற்ற திகதியையும் நேரத்தையும் அதில் குறுக்காக எழுதிக் கையெழுத்து வைத்தால் கார் கைமாறிவிடும். பேனையின் மூடியைப் பல்லால் கழற்றினான். அட்டையில் பேனை முனை பட்டது.

"நில்லுங்கோ!"

கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். தோளில் கடைச் சீலை ஒன்று மடிப்புக் குலைந்து தொங்கியது. துஷ்யந்தனின் மனைவி மிருணாளினி. எதிரே சீலைக் கடையில் வேலை. கண்ணாடிக்குள்ளால் பேனையைக் கண்டிருக்கிறாள்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

துஷ்யந்தன் பேனையை மெல்லப் பின்னால் ஒளித்தான். "அது... வீக்கெண்ட்."

"சனிக்கிழமை! சனிக்கிழமையிலை ஆரும் இரும்பு விப்பினமோ? ஒரு ஆணி வாங்கமாட்டம் நாங்கள். நீங்கள் ரெண்டு தொன் இரும்பைத் தூக்கிக் குடுக்கிறியள்!"

மடுத்தீன் சமாதானமாகக் கையை உயர்த்தினார். "தங்கச்சி, நாங்கள் வேதக்காரர். மன்னார். எங்களுக்கு உந்தச் சனி ஒண்டும் செய்யாது."

"ஏன் அண்ணை, சனி ஞானஸ்நான சேர்ட்டிபிக்கற் பாத்திட்டே ஆளைப் பிடிக்கிறது?"

பக்கத்தில் வாழைக்காய் வாங்கிக்கொண்டு நின்றவர்கூடத் திரும்பிச் சிரித்தார்.

"விக்கிற எங்களுக்கு ஒண்டுமில்லை," என்றாள் மிருணாளினி. "வாங்கிற ஆளுக்குத்தான் கூடாது. அக்கா இருட்டுக்குள்ளை தனிய ஓடவேண்டியும் வரும். பிறகு ஏதும் நடந்தா எனக்கு நித்திரை வருமோ?"

அதே நேரம் துஷ்யந்தனின் போன் அடித்தது. பேசினான். முகம் மாறியது. திரான்சியில் கராஜ் வைத்திருக்கும் ஒருவர். காரைப் பாகம் பாகமாகக் கழற்றி விற்பதற்குக் கேட்கிறார். நாளை மத்தியானம்வரை பார்ப்பாராம். பிறகு வேறு காருக்குப் போய்விடுவாராம்.

"அந்தாளுக்கு நாளைக்கு. இவைக்கும் நாளைக்கு. பிறகென்ன?" என்றாள் மிருணாளினி.

"நாளைக்கு ஞாயிறு. திங்கள் விடியப் புறம் நான் வேலைக்குப் போகவேணும். எப்ப ஓடிப் பழகிறது?" என்றாள் றெஜினா. கழற்றிய கையுறையை முறுக்கினாள்.

மிருணாளினி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு புருஷனின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். றெஜினாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"இண்டைக்கு இரவல். காசும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். இரவல் குடுத்தாச் சனி கணக்கெடுக்காது. ஓடிப் பாருங்கோ. நாளைக்கு உங்கடை பூசை முடிஞ்ச பிறகு நல்ல நேரத்திலை விக்கிறம்."

"என்னடி நீ..." என்று தொடங்கினான் துஷ்யந்தன்.

"என்ன நொன்னடி? ஆர் ஓடினாலும் காப்புறுதி இருக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

முன்பின் தெரியாத ஒருத்தியிடம் தன் சோற்றுக் காரைச் சாவியோடு கொடுத்துவிட்டு மிருணாளினி சீலைக் கடைக்கு ஓடினாள். சனிக்கிழமை; கடையில் கூட்டம்.

பாரிசின் எல்லையான போர்த் து லா சப்பலைத் தாண்டுமுன்பே சண்டை வந்துவிட்டது.

றெஜினா ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், ஏணியைப் பிடிப்பதுபோல. பக்கத்தில் மடுத்தீன். இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

"லொறி! லொறி வருது!"

"தெரியுது."

"சிவப்பு! சிவப்பு விழுந்திட்டுது!"

"அது எங்களுக்கில்லை, அங்காலை போறவைக்கு!"

"பிறேக்! றெஜினா, பிறேக்!"

அடித்தாள் பிரேக்கை. நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் கார் ஆணியடித்தாற்போல் நின்றது. பின்னால் ஆறேழு ஹோர்ன்கள். ஒருவன் கண்ணாடியை இறக்கி பிரெஞ்சில் அவளுடைய குடும்பத்தை விசாரித்தான். றெஜினா காரை ஓரமாக உருட்டி, விளக்கைச் சிமிட்டவிட்டாள்.

"இறங்குங்கோ."

"இஞ்சையோ?"

"பின்னாலை ஏறுங்கோ. ஏறி வாயை மூடுங்கோ. ஒரு சொல்லு வந்துதெண்டா நடந்துதான் வீட்டை வருவியள்."

மடுத்தீன் இறங்கினார். பின் வலப்பக்கக் கதவைத் திறந்தார். ஏறினார். தும்.

அதன் பிறகு அதிசயம் நடந்தது. கார் ஓடியது.

சத்தமில்லை. லொறிகள் ஊமைப்படம்போல் பக்கத்தில் போயின. வேகமானியைப் பார்த்த றெஜினா, நூறைத் தொட்டிருப்பதைக் கண்டு, பயந்து, தொண்ணூறுக்கு வந்தாள். பெரிய கார் என்று நினைத்தது, ஓடும்போது ஒரு பெரிய மிருகம் தன்னை முதுகில் வைத்துக் கவனமாக நடப்பதுபோல் இருந்தது. திடீரென்று அவள் முகம் வெளிறியது.

"அப்பா... முதுகு சுடுது."

பின்னால் பதில் இல்லை.

"அப்பா! சீற் பத்துது போலை கிடக்கு!"

பதில் இல்லை. கண்ணாடியில் பார்த்தாள். மடுத்தீன் இரண்டு உதட்டையும் உள்ளே மடித்து, தலையை இல்லையென்று ஆட்டினார்.

"கதையுங்கோ விசர் மனுசா!"

"நீர்தானே வாய் திறக்கக்கூடாதெண்டனீர்? சீற் சூடாக்கிற சுவிச்சு. உம்மடை முழங்கை பட்டிட்டுது போலை. தம்பி எனக்குக் காட்டினவன். இடுப்பு நோவுக்கு நல்லது."

றெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். சிரித்துக்கொண்டே நெடுஞ்சாலையைவிட்டு இறங்கினாள். சுவிச்சை அணைக்கவில்லை. தினமும் ஆட்களைக் கட்டிலிலிருந்து தூக்கி, கட்டிலில் கிடத்தி, இரண்டு வருடமாக அவள் இடுப்பு யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த நோவு, அந்தச் சூட்டில் மெல்ல மெல்லக் கரைந்தது.

மித்ரி நிலையம் போனது. கடைசி வீடும் போனது. அதன் பிறகு வயல். நடுவில் ஒரு ஒடுங்கிய றோட்டு. நடைபாதை இல்லை. விளக்குக் கம்பம் இல்லை. ஓரத்தில் வாய்க்கால்போல் தண்ணீர் தேங்கிய கான். எதிரே வந்த லொறியொன்று அடித்த காற்றில் அந்தப் பாரமான காரே ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது.

பின் சீட்டிலிருந்து, கட்டளையை மீறி, ஒரு குரல் வந்தது.

"றெஜினா. போன மாரிக்கு இதாலையோ நடந்தனீர்?"

"ஓம்."

"இருட்டுக்குள்ளை?"

"எட்டரை மட்டும் விடியாதுதானே அப்பா."

மடுத்தீன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். போன மாரிக் குளிர் முழுக்கக் கடையில் பெட்டி இறக்கிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். 'வந்திட்டன்' என்று ஒரு சொல் வரும். அதன் பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார். மனைவி பஸ் தரிப்பிலிருந்து விளக்கு வெளிச்சத்தில் நாலு எட்டு நடக்கிறாள் என்றே அவர் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

"ஒரு நாளும் சொல்லேல்லையே நீர்."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியளே?"

அவர் பிறகு பேசவில்லை. கட்டளைக்காக அல்ல.

திரும்பி வரும்போது றெஜினாவின் தோள் இறங்கியிருந்தது. ஒரு கையை ஸ்ரியரிங்கிலிருந்து எடுத்து மூக்கைச் சொறியும் அளவுக்குத் தைரியம் வந்திருந்தது. லா கூர்னெவ் புறநகரில் அவர்களுடைய குடியிருப்பு வாசல் தெரிந்தது. கார் நிறுத்தும் இடத்துக்கு வலப்பக்கம் ஒடித்துத் திரும்பவேண்டும். மூலையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கொங்கிரீற் தூண். முன் பக்கம் தூணைக் கடந்துவிட்டது. றெஜினா நிம்மதியாக ஒடித்தாள்.

கிர்ர்ர்ர்ர்.

கார் முழுவதும் அந்தச் சத்தம் பல்லைக் கூசவைத்துக்கொண்டு போனது. நின்றது.

றெஜினா இறங்கி வலப்பக்கம் வந்தாள். பின் கதவில், கைப்பிடிக்குக் கீழே, முழங்கை நீளத்துக்கு வெள்ளைக் கோடு. கதவு உள்வாங்கியிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே மடுத்தீனின் முகம்.

"தூணைக் கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"வாய் திறந்தா நடந்து வரவேணுமெண்டு..."

அவளால் சிரிக்கமுடியவில்லை. இரவல் கார். காசு வாங்காமல், கையெழுத்து வாங்காமல், விரலை மடக்கிக் கொடுத்த சாவி. அந்தச் சாவியைப் புருஷனின் கையில் வைத்தாள்.

"எனக்கு வேண்டாம். ஒரு தூணைக் காணாதவள் விடியக்காலமை அந்த லொறியளுக்குள்ளை எப்பிடி ஓடுறது? திங்கட்கிழமை ஆலீசுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லுறன்."

படியேறிப் போய்விட்டாள். மின்தூக்கிக்குக்கூட நிற்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்த மடுத்தீன், வீட்டுக்குள் போகவில்லை. குளிரில் குந்தியிருந்து, பழைய பெனியன் துண்டில் பற்பசை பூசி, கார்க் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். யாரோ யூடியூப்பில் சொன்ன வைத்தியம். கதவு வெளுத்தது. கோடு போகவில்லை. முழு வாகனமும் புதினா மணத்தது.

காரைத் திருப்பிக் கொண்டுபோக ஆளில்லை. ஓடத் தெரிந்தவள் ஓடமாட்டாள். அவருக்கு ஓடத் தெரியாது. எனவே துஷ்யந்தனுக்கு, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ தம்பி என்று மட்டும் சொல்லியிருந்தார்.

வந்தார்கள். துஷ்யந்தன் கையில் பதிவு அட்டை. மிருணாளினி கையில், ரயருக்கடியில் வைத்து நசிக்கத் தேசிக்காய்ப் பை. இருவரும் கதவின் முன்னால் நின்றார்கள். மேலே மூன்றாம் மாடி யன்னலில் திரைச்சீலை அசைந்தது.

மடுத்தீன் எழுந்து நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான்தான் தம்பி இடிச்சனான்."

துஷ்யந்தன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணை, உங்களுக்கு ஓடத் தெரியாதே?"

"அதாலைதான் இடிச்சது."

படிக்கட்டில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கி வந்தது. றெஜினா. கோட்டுக்கூடப் போடவில்லை. கண் வீங்கியிருந்தது.

"அவர் இல்லைத் தம்பி. நான்தான். திருத்திற செலவு முழுக்க நான் தாறன். காரை அந்தக் கராஜ்காரருக்குக் குடுங்கோ. எனக்கு ஓட வராது."

துஷ்யந்தன் குந்தினான். கதவிலிருந்த வெள்ளைக் கோட்டை விரலால் தடவினான். விரலை மணந்து பார்த்தான். "கோல்கேற்றோ?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டான். கோபமா, துக்கமா என்று முகத்தில் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் தன் கையால் கழுவிய கார்.

முதலில் பேசியவள் மிருணாளினி. தேசிக்காய்ப் பையை பொனெற்றில் வைத்தாள். மிகவும் திருப்தியான குரலில் சொன்னாள்:

"அப்பாடா. கண்ணூறு கழிஞ்சுது."

"என்ன தங்கச்சி?"

"பின்னை? கறுப்புப் பென்ஸை நடுச் சந்தியிலை நிப்பாட்டி வைச்சு முழு லா சப்பலும் பாத்தது. அவ்வளவு கண்ணும் எங்கையாவது இறங்கத்தானே வேணும்? ஆளிலை இறங்காமல் கதவிலை இறங்கிப்போட்டுது. தூணுக்கு ஒரு கும்பிடு போடுங்கோ அக்கா." பிறகு புருஷனைக் கடைக்கண்ணால் பார்த்தாள். "இவர் இந்தக் காரை எடுத்த முதற்கிழமை முன் பம்பரை என்ன செய்தவர் எண்டு கேளுங்கோ."

"அது அந்த பஸ் வந்து இடிச்சது," என்றான் துஷ்யந்தன், குந்தியபடியே.

"நிண்ட பஸ்."

றெஜினா வாயைப் பொத்தினாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. துஷ்யந்தனின் போன் அடித்தது. திரான்சிக்காரர். அவன் போனைப் பார்த்தான். றெஜினாவைப் பார்த்தான். எடுக்கவில்லை; அடிக்கவிட்டான்.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. நான் என்ன சொல்ல அந்தாளுக்கு?"

"எனக்குப் பயமாக் கிடக்கு தம்பி. கதவுக் கோட்டுக்காக இல்லை. தனிய..."

"ஆர் தனிய?" என்றார் மடுத்தீன்.

எல்லோரும் திரும்பினார்கள். கையில் பற்பசைத் துணியோடு நின்றார்.

"நான் வாறன். பின் சீட்டிலை. ஒவ்வொரு நாளும்."

"கடை?"

"பூசையிலை முதலாளியைக் கண்டு கதைச்சுப்போட்டன். நான் பிந்தி வாறன், பின்னேரம் பூட்டுறது நான். உம்மை இறக்கிப்போட்டு மித்ரிக்கு வந்து ரயில் எடுத்தா நேரை கார் து நோர் ஸ்ரேசன், கடைக்குக் கிட்ட."

"மித்ரிக்கு எப்பிடி வருவியள்? அந்த நேரம் பஸ் இல்லையே."

"நடந்து."

"அந்த றோட்டாலையோ? இருட்டுக்குள்ளை?"

"நீர் ஒரு மாரி நடந்தனீர்," என்றார் மடுத்தீன். "நான் ஒரு கிழமை நடந்தா என்ன? உமக்கு இனித் தனிய ஓடலாமெண்டு தோன்றினா அண்டைக்கு நிப்பாட்டுறன்."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

றெஜினா புருஷனிடம் வந்தாள். அவருடைய கையிலிருந்த துணியை வாங்கி எறிந்துவிட்டு, உள்ளங்கையை நீட்டினாள்.

"சாவி."

கொடுத்தார்.

"தூணைக் கண்டாச் சொல்லலாம்," என்றாள். "தூணுக்கு மட்டும்."

துஷ்யந்தன் போனை எடுத்து, "வித்தாச்சு," என்று மட்டும் சொல்லி வைத்தான். பிறகு அட்டையில் குறுக்காக எழுதினான். ஞாயிற்றுக்கிழமையின் திகதி. மிருணாளினி நேரம் பார்த்துத் தலையாட்டிய பிறகு மணி. கதவுச் செலவை விலையில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நாலு ரயருக்கும் நாலு தேசிக்காய். றெஜினா மேலே ஓடிப்போய் லூர்து மாதாவின் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்து பொனெற்றில் தெளித்தாள். மிருணாளினி அதில் கொஞ்சம் தன் தலையிலும் தெளித்துக்கொண்டாள்.

திங்கள் காலை.

முதியோர் இல்லத்தின் வாசலில் கார் வந்து நின்றபோது ஆறு இருபது. வானம் இன்னும் கறுப்பு. வயல்களின் மேல் வெள்ளையாக உறைபனி. வழி முழுவதும் பின் சீட்டிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நெடுஞ்சாலையில் நடுத் தடத்துக்கு மாறும்போது மட்டும் செபமாலை மணிகள் கொஞ்சம் வேகமாக உருண்டன.

எஞ்சினை அணைத்ததும் றெஜினா நெற்றியை ஸ்ரியரிங்கில் வைத்தாள். முதுகு இதமாகச் சுட்டது.

"வடிவா ஓடினீர்," என்றார் மடுத்தீன்.

"விடியுமட்டும் காருக்குள்ளை இருங்கோவன்."

"ஐயோ, முதலாளி கொல்லுவான். தக்காளி லொறி வரும்." கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டு இறங்கினார். குளிர் அடித்த முதல் அடியில் அவருடைய தோள் குறுகியதை அவள் கண்டாள். அவர் அதைக் காட்டிக்கொள்ளாமல் நடக்கத் தொடங்கினார்.

"நில்லுங்கோ!"

காரின் பின்பெட்டியைத் திறந்தாள். சின்ன விளக்கொன்று எரிந்தது. பிரான்சில் ஓடும் கார்கள் எல்லாவற்றிலும் சட்டப்படி கிடக்கவேண்டிய, ஒளிரும் மஞ்சள் சட்டை, பைக்குள்ளிருந்து பிரிக்காமலே கிடந்தது. பல்லால் பையைக் கிழித்தாள். அவருடைய கோட்டுக்கு மேல் போட்டாள். முன்பக்கம் இழுத்து ஒட்டினாள். ஒட்டியதைத் திரும்பவும் கழற்றி, இன்னும் இறுக்கி ஒட்டினாள்.

"கான் பக்கமா நடக்காதையுங்கோ," என்றாள். "வாற வாகனத்தைப் பாத்து நடவுங்கோ. லொறி வந்தா நிண்டு கொள்ளுங்கோ."

"ஓம்."

"கையை வெளியிலை வைச்சு நடவுங்கோ. பொக்கற்றுக்குள்ளை வைச்சா விழேக்கை ஊண்டேலாது."

அதைச் சொல்லும்போதுதான், அவள் போன மாரி விழுந்திருக்கிறாள் என்பது மடுத்தீனுக்குத் தெரிந்தது. அவர் கோட்டுப் பையிலிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்தார்.

"போம். நேரமாகுது," என்றார்.

அவர் றோட்டில் ஏறினார். இருட்டு அவரை முழுதாக விழுங்கிவிட்டது. மஞ்சளை மட்டும் விட்டுவைத்தது. தூரத்தில் ஒரு லொறி வந்தது. அதன் வெளிச்சத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது, நின்றது, லொறி போனது, மறுபடி நகர்ந்தது.

வாசலுக்குள் மின்விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கதவைத் திறந்து வந்த ஆலீஸ், வாசலில் நின்ற பெரிய கறுப்புக் காரையும் அதன் பக்கத்தில் நின்ற றெஜினாவையும் பார்த்து, "நல்ல கார்!" என்றாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் றெஜினா, திரும்பாமல்.

மஞ்சள் வளைவைத் தாண்டும்வரை நின்றாள். பிறகு காரைப் பூட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.